வாடிக்கை ஆகிவிடுங்கள், தம்பி

கேள்வி: "வயது 29. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். ஓ.எம்.ஆரில் வேலை, பெருங்குடியில் அறை. சென்னைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை ஏலகிரி, கொடைக்கானல், பாண்டிச்சேரி என்று எங்காவது ஓடிவிடுகிறேன். திரும்பி வந்து இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. பிறகு பழையபடிதான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஊருக்குள்ளேயே மனசு ஆற வழி உண்டா?"

உண்டு தம்பி. ஆனால் நீங்கள் தேடுகிற பக்கம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஓ.எம்.ஆர் பிள்ளைகள் நிறையப் பேர் என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பட்டியலோடுதான் தொடங்குவார்கள்: டிராஃபிக், வெயில், தண்ணீர் லாரி, வாடகை, மேனேஜர். ஒன்றும் பொய்யில்லை. கொஞ்சம் துருவினால் அடியிலிருந்து வேறொன்று வரும். ஒரு பையன் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: "நாளைக்கு நான் காணாமப் போனா, அட்டெண்டன்ஸ் பாக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் மேடம் முதல்ல தெரியும்." நோவு இதுதான். தென்காசியில் நீங்கள் இரண்டு நாள் தெருவில் தென்படாவிட்டால் நாலு வீட்டில் கேட்பார்கள். இங்கே இரண்டு வருடம் இருந்தும் யாருடைய கணக்கிலும் நீங்கள் இல்லை. ஏலகிரியிலும் நீங்கள் யார் கணக்கிலும் இல்லைதான். அங்கே குளிராவது இருக்கிறது, அதனால் இரண்டு நாள் தாங்குகிறது.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் தேவலை என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால், இனி நான் எழுதப்போகும் டீக்கடைக் கதையெல்லாம் உங்களுக்கு மருந்தாகாது. டாக்டரைப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் இருக்கிறது, எண் 14416. நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தற்கொலைத் தடுப்புக்கென்றே 1986-ல் இந்த ஊரில் தொடங்கிய சினேகாவும் இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இனி டீக்கடைக்கு வருவோம்.

2011-ல் என் அம்மா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடித்துவிட்டு மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பினேன். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற வேலை என்னுடையது. எனக்கு விடிகாலை நாலரைக்கு முழிப்புத் தட்டும், அதற்குப் பிறகு கண் மூடாது. அழுகையும் வரவில்லை. படுத்தபடி ஃபேனைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். பஸ் டெப்போ பக்கம் ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. மாஸ்டர் பாய்லருக்கு விபூதிப் பட்டை போட்டு, முதல் டம்ளரைத் தெருவில் ஊற்றிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார். எதிர் பிளாட்பாரத்தில் பேப்பர் பையன்கள் குந்தி உட்கார்ந்து நாளிதழுக்குள் இணைப்பைச் சொருகிக்கொண்டிருப்பார்கள். பேச்சே இருக்காது, சரக் சரக் என்று அந்தச் சத்தம் மட்டும். முதல் ஷிஃப்ட் டிரைவர்கள் வருவார்கள். துப்புரவு வேலைக்குப் போகிற அக்காமார் இரண்டு பேர் கால் நீட்டி உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்பார்கள். அவர்களை விட்டால் அங்கே பொம்பளை நான் ஒருத்திதான், அதிலும் ஆண்களோடு நின்றுகொண்டு குடிக்கிறவள். முதல் வாரம் எல்லாக் கண்ணும் என் மேல்தான் இருந்தது. ஆணாகப் பிறந்தவர்களுக்கு நகரத்தில் கிடைக்கிற பெரிய சொத்து, சும்மா நிற்கிற உரிமை. உங்களுக்கு அது இருக்கிறது. அதை நீங்கள் செலவழிப்பதே இல்லை.

"சக்கரை பாதி போட்டு ஒரு டீ" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். மாஸ்டர் தலையைக்கூட ஆட்டமாட்டார். மூன்றாவது வாரம் இருக்கும், நான் தெரு முனையில் திரும்பும்போதே டம்ளர் பலகைமேல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இடையில் பட்டா மாற்றுகிற வேலையாக ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தேன். திரும்பி வந்த அன்று டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே, "அரைச் சக்கரைய நாலு நாளா காணமேன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றார்.

'பேசிக்கிட்டிருந்தோம்.' பன்மை. பக்கத்தில் நின்ற கண்டக்டர் ஒருவர் ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார். அவரோடு நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவுக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். மாஸ்டருக்கு என் பெயர் இன்றுவரை தெரியாது.

கடைத்தெரு மொழியில் இதற்கு வாடிக்கை என்று பேர். "அவங்க நம்ம வாடிக்கை" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நீங்கள் அவருக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியதில்லை. உங்கள் கவலையை அவரிடம் கொட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் அவருடைய நாளில் உங்களுக்கு ஒரு சின்ன இடம் இருக்கிறது. நீங்கள் வராவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும். நகரத்தில் மனசு ஆறுவது பெரும்பாலும் இந்தச் சின்ன இடங்களில்தான் என்பது என் அனுபவம்.

படித்தவர்களும் இதைத் தேடித்தான் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972-ல் ஒரு வேலை செய்தார். அவருடைய மாணவர்கள் காலை ரயிலுக்குக் காத்து நிற்கிறவர்களைப் படம் பிடித்து, பிறகு ஒருநாள் அதே பயணிகளிடம் அந்தப் படங்களைக் கொடுத்து, "இதில் யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். முகம் நன்றாகத் தெரியும், ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று சராசரியாக ஆளுக்கு நாலு பேரைச் சொன்னார்கள். வருடக்கணக்காக ஒரே பிளாட்பாரத்தில் நின்றவர்கள். மில்கிராம் இவர்களுக்குப் பரிச்சயமான அந்நியர்கள் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அப்படி ஒரு நாலு முகம் உங்களுக்கும் இருக்கும். நினைத்துப் பாருங்கள்: லிஃப்ட்டில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், மெஸ்ஸில் உங்களுக்கு எதிர்மேசையில்.

2014-ல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று. ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போகிறவர்களில் சிலரை, பக்கத்தில் உட்காரும் ஆளிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். சிலரை வாயே திறக்காமல் போகச் சொன்னார்கள். எது நன்றாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது, பேசாமல் போவதுதான் சுகம் என்றார்கள். நடந்தது நேர்மாறு: பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று என் அத்தை கேட்பார். தென்காசி பாசஞ்சரில் ஏறிய பத்தாவது நிமிஷம் அடுத்த சீட்டுக்காரரின் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொடுக்கிற ஜாதி அவர். ஆனால் அதே அத்தை சென்னை மெட்ரோவில் ஏறினால் வாயைத் திறக்கமாட்டார். ஊர் மாறினால் நாமும் மாறிவிடுகிறோம், அதுதான் விஷயம்.

ஆட்களோடு மட்டும்தான் வாடிக்கை என்று நினைக்காதீர்கள். மரத்தோடும் உண்டு.

1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பழைய கேஸ் ஷீட்டுகளைப் பார்த்தார். சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள்; மற்றவர்களுக்கு வெறும் செங்கல் சுவர். ஒத்த வயது, ஒத்த உடம்புக்காரர்களாக 23 ஜோடி. மரம் பார்த்தவர்கள் சராசரியில் முக்கால் நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. 46 பேர்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். 2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேரிடம் எடுத்த கணக்கில், வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், நீர், பூங்கா என்று இருந்துவிட்டு வருகிறவர்கள் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நன்றாக இருக்கிறவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்துக்கு அதில் இடம் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது வேறொரு விவரம்: அந்த 120 நிமிடம் ஒரே மூச்சில் போனாலும் ஒன்றுதான், துண்டு துண்டாகச் சேர்த்தாலும் ஒன்றுதான். மாதம் ஒருமுறை கொடைக்கானல் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

உங்கள் தெருவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன மரம் என்று இஸ்திரி வண்டிக்காரரைக் கேட்டால் சொல்வார், அவர் அதன் நிழலில்தான் நிற்பார். இந்த ஊரில் பங்குனியில் புங்கை பூத்துக் கொட்டும், காலையில் நிறுத்தியிருக்கும் கார்களெல்லாம் பொரி தூவியதுபோல இருக்கும். சித்திரையில் சரக்கொன்றை. மழைக்காலத்தில் ராத்திரி பத்து மணிக்குச் சில தெருக்களில் நடந்தால் மரமல்லி வாசனை வரும். அந்த மரத்தைப் பகலில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த மறுநாள் காலை எங்கள் தெருவில் ஒரு பெரியவர், விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் உட்காருவதுபோல. அவருக்கு அந்த மரத்தோடு எத்தனை வருட வாடிக்கையோ.

பெருங்குடிக்காரர் நீங்கள். உங்கள் கட்டிடங்களுக்குப் பின்னால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில்தான் குப்பை மேடு. நாற்றத்தை வைத்து அந்த இடத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துரைப்பாக்கம் – பல்லாவரம் ரேடியல் ரோட்டில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் பாருங்கள். கூழைக்கடா ரயில் எஞ்சின்போல நிதானமாக மிதந்துகொண்டிருக்கும். நீலத் தாழைக்கோழி கோரைக்கு நடுவே வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நடக்கும். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும் வருடங்கள் உண்டு. லாரி, தூசி, ஹாரன் எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டேதான் இருக்கும். அமைதியெல்லாம் கிடைக்காது. ஆனால் அந்தப் பறவைகளும் அதே சத்தத்தில்தான் மீன் பிடித்துச் சாப்பிடுகின்றன.

இன்னொன்று, பறக்கும் ரயில். உங்கள் பெருங்குடி ஸ்டேஷனிலிருந்தே ஏறலாம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-லும், மயிலாப்பூர் வரை 1997-லும், வேளச்சேரி வரை 2007-லும் திறந்தார்கள். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றும் அரண்மனைபோலப் பெரிசு, உள்ளே ஆளைவிடப் புறா அதிகம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகும் பாதை, மூக்குக்குச் சுகமில்லை. இருந்தாலும் கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின்மேல் வண்டி ஏறும்போது மேற்கே சூரியன் இறங்குகிற நேரமாகப் பார்த்துக் கதவோரம் நில்லுங்கள் (உள்ளே தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு). அரை நிமிடம்கூட இருக்காது. வண்டியில் பாதிப் பேர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்குவார்கள். தினமும் போகிறவர்கள்தான், தினமும் தூக்குவார்கள்.

கோட்டூர்புரத்திலேயே இறங்கினால் நடக்கிற தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010-ல் திறந்தது. நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு வந்து இடம் பிடித்திருப்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் (அடையாளம் மாற்றிச் சொல்கிறேன்) வேலை போன மூன்று மாதமும் அங்கே போய் உட்கார்ந்தாள். பெரும்பாலும் படிக்கவே இல்லையாம். "எல்லாரும் குனிஞ்சு உக்காந்திருக்காங்க மேடம், நானும் குனிஞ்சு உக்காந்திருந்தேன், அவ்ளோதான்" என்றாள். வீட்டில் தனியாகக் கவலைப்படுவதற்கும் நூறு பேர் நடுவே கவலைப்படுவதற்கும் வித்தியாசம் உண்டு. எதிரில் உட்காருகிற பையன் அவளுக்கு வாட்டர் பாட்டில் நிரப்பிக்கொண்டுவர ஆரம்பித்தது இரண்டாம் மாதத்தில். பேர் கேட்டுக்கொண்டது மூன்றாம் மாதத்தில். உடனே கல்யாணக் கதையாக்கிவிடாதீர்கள், அவன் தேர்வில் பாஸாகி வேறு ஊர் போய்விட்டான்.

எனக்கே இந்த ஊர்மேல் ஆசை வந்தது ஒரு ராத்திரியில். பங்குனி ஆமை தெரியுமா உங்களுக்கு? ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை ராத்திரிகளில் நம் கடற்கரையில் ஏறி முட்டையிடும். குஞ்சு பொரித்து வெளியே வந்ததும் வெளிச்சமாக இருக்கிற பக்கம் நடக்கும். இயற்கையில் அது கடல். சென்னையில் அது தெருவிளக்கு. குஞ்சுகள் ரோட்டுக்கு ஏறிச் செத்துப்போகும். அதனால் 1988 முதல் மாணவர்கள் கூடி, சீசன் முழுக்க ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பிடத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பொதுமக்களையும் சில ராத்திரிகளில் கூட்டிப்போவார்கள். நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை நடை.

நான் போன அன்று முப்பது பேர் இருந்தோம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபோன் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுமில்லை. மணலில் கால் புதையப் புதைய நடந்ததில் கெண்டைக்கால் கடுத்ததுதான் மிச்சம். பிறகு முன்னால் போன பையன் கையைத் தூக்கினான். அலைவரம்பிலிருந்து மேலே ஒரு தடம், டிராக்டர் டயர் ஏறியதுபோல. ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. பையன் முட்டிபோட்டு உட்கார்ந்து மண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்து, ஓரிடத்தில் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று, தோள் வரை போயிற்று, கன்னம் மணலில் படுகிற அளவுக்குச் சாய்ந்தான். "இருக்கு" என்றான். ஒவ்வொன்றாக எடுத்து எங்களிடம் நீட்டினான். பிங்-பாங் பந்து அளவு, ஓடு தோல்போல மெத்தென்று, லேசான பிசுபிசுப்போடு. எங்கள் கூட்டத்தில் ஒரு வங்கி மேனேஜர் இருந்தார், வரும் வழியெல்லாம் ஃபோனை வைத்துவிட்டு வரச் சொன்னதற்கு முணுமுணுத்துக்கொண்டே வந்தவர். அவர்தான் எண்ணினார். சத்தமாக எண்ணினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. நூற்றுப் பதினாறு. எண்ணி முடித்ததும் துணிப்பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள், பொரிப்பிடம் வரை அவர்தான் சுமக்க வேண்டும். மூன்று கிலோமீட்டர். யார் கேட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு பொரிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்தில் ஒரு மாலை நான் போனபோது மனிதர் மனைவி, மகள், மாமியாரோடு வந்து நின்றிருந்தார். "எந்தக் குழி நம்மளுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

'நம்மளுது.' ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கிச் சுமந்தால் போதும், நாமே சேர்ந்துவிடுகிறோம். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று பாருங்கள். மாடவீதி முழுக்க நீர்மோர், பானகம், சாம்பார் சாதம் என்று கொடுப்பவர்கள் வரிசை. வாங்குகிறவர்களைவிடக் கொடுக்கிறவர்கள் முகத்தைக் கவனியுங்கள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும், ஆனாலும் கரண்டியை அடுத்த ஆளிடம் விடமாட்டார்கள். அடுத்த பங்குனியில் போங்கள். எந்தப் பந்தலிலும் "நான் கொஞ்சம் ஊத்தட்டுமாண்ணே?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கும் ஆறுதல் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில் ஆர்வத்தில் ஈ.சி.ஆரில் ஒரு மன அமைதி முகாமுக்குப் போனேன். இரண்டு நாளைக்கு என் அரை மாதச் சம்பளம். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டி ஒலியெழுப்பினார்கள், கண்ணை மூடிக் கடலைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கடல் முந்நூறு அடியில் இருந்தது. திரும்பி வருகையில் டோல்கேட் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றதில் பாதி அமைதி அங்கேயே இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட முகாமெல்லாம் ஏமாற்று என்று சொல்லவரவில்லை, சிலருக்கு அது ஒரு தொடக்கமாக இருந்திருக்கிறது. ஆனால் அங்கே உங்களை மறுநாள் யாரும் தேடமாட்டார்கள், அடுத்த மாதப் பதிவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதைத் தவிர.

இந்த வாடிக்கை உடைந்தும் போகும், அதையும் மறைக்க வேண்டாம். நகரத்தில் எதுவும் பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்காது. எங்கள் பக்கம் ரோட்டைத் தோண்டும் வேலை வந்து தகரத் தடுப்பு வைத்தபோது மாஸ்டர் கடை போய்விட்டது. ஒருநாள் காலையில் போனேன், பாய்லர் இருந்த இடத்தில் கரி வட்டம் மட்டும் இருந்தது. ஃபோன் நம்பர் வாங்கிவைத்திருக்கலாமே என்பார்கள். அந்த மாதிரி உறவே இல்லையே அது. நாலைந்து மாதம் எனக்குக் காலை வேளை சப்பென்று இருந்தது. பிறகு வேறு கடைக்குப் போனேன், அங்கே முதல் வாரத்திலிருந்து மறுபடி 'சக்கரை பாதி' என்று சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது அங்கும் சொல்வதில்லை.

எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடம், அறையிலிருந்து பத்து நிமிட நடைக்குள். ஒரே நேரம். சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்று 48 நாள் கணக்கு சொல்வார்களே, அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் ஒன்றும் ஆகாது, சலிப்புத்தான் வரும். இயர்ஃபோன் வேண்டாம். யாரிடமும் வலியப்போய்ப் பேச வேண்டும் என்பதும் இல்லை. நேரம் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: இந்த ஊர் மனுஷத்தன்மையோடு இருப்பது காலை ஐந்திலிருந்து ஏழு வரை, பிறகு கடல்காற்று உள்ளே வந்த பிறகு. கோடையில் காற்று எந்நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. வெள்ளைக்கார கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் கடற்கரையில் நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்ததும் இந்தக் காற்றுக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஞாயிறு சாயங்காலத்துக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்கிறேன். அறையில் உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஐந்து மணிக்கு வாரத்துக்கான சட்டை ஐந்தையும் எடுத்துக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போங்கள். ஆப்பில் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கே வரும், தெரியும். நீங்களே போங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் மடித்து முடிகிற வரை நில்லுங்கள். அவர் இன்னும் கரிப்பெட்டியா, கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டாரா என்று பாருங்கள். கரிப்பெட்டி என்றால் ஏன் மாறவில்லை என்று கேளுங்கள், கேஸ் என்றால் ஏன் மாறினார் என்று கேளுங்கள். இரண்டுக்குமே நீளமான பதில் இருக்கும், கால் மணி நேரமாவது ஓடும். நாலாவது ஞாயிறு போகாமல் இருந்து பாருங்கள். அடுத்த முறை போகும்போது அவர் என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.